மத நம்பிக்கை உள்ளவர்கள் அறிவியலில் தங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வது ஏன்?

கேள்வி கேட்டவர் கீழே ஒரு குறிப்பும் போட்டிருக்கிறார்: இஸ்ரோ ராக்கெட் ஏறினால் கைதட்டுகிற அதே உறவினர், கிரகணத்தன்று வீட்டில் அடுப்புப் பற்றவைக்க விடமாட்டாராம். இது என்ன மனநிலை, இவர்களிடம் எப்படிப் பேசுவது என்கிறார்.

‘இவர்கள்’ என்பதில் நானும் உண்டு. கீழக்கரைக்காரன், ஐந்து வேளை தொழுகிறவன். மண்டபத்தில் படகுகளுக்கான ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் (ஒலியை அனுப்பிக் கடல் ஆழம் பார்க்கும் கருவி), வயர்லெஸ் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மூன்று மதத்து ஆட்களும் வந்து போகிற இடம். வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள் (படிப்பறிவு போதாது, பயம், மூளைச்சலவை) எனக்கு ஒட்டவில்லை. எங்கள் ஊரில், நோன்பும் பெருநாளும் எந்த நாள் என்கிற பிறைச் சண்டையில் முன்வரிசையில் நிற்பவர்கள் துபாயில் வேலை பார்த்துத் திரும்பிய என்ஜினீயர்கள். நான் பார்த்தவரை, ஒரு அறிவியல் முடிவு சரியா தவறா என்பதை வைத்து யாரும் அதை ஏற்பதோ தள்ளுவதோ இல்லை. அந்த விஷயத்தை இதுவரை யார் முடிவு செய்துவந்தார்கள், இப்போது அது அவர்கள் கையை விட்டுப் போகிறதா, இதை வைத்துத்தான் நடக்கிறது.

கடைக்கு வரும் பெட்டிகளையே பாருங்கள். ஒரு ஜிபிஎஸ்ஸில் சந்தனம் குங்குமம் இருக்கும், ஒன்றில் அந்தோணியார் ஸ்டிக்கர், இன்னொன்றில் 786. உள்ளே இருப்பது ஐன்ஸ்டைனின் சார்பியல். செயற்கைக்கோளில் உள்ள கடிகாரம் தரையில் இருப்பதைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடும். அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் இடம் பத்து கிலோமீட்டர் வரை தப்பிவிடும். கச்சத்தீவுப் பக்கம் பத்து கிலோமீட்டர் தப்பினால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். ஜெப வீட்டுக்குப் போகிற வாடிக்கையாளர் ஒருவர் உலகத்துக்கு ஆறாயிரம் வயது என்பார். எக்கோவில் கடல் தரை மங்கலாகத் தெரிந்தால் மட்டும், தண்ணீரில் ஒலி எவ்வளவு வேகம் போகும் என்பதுவரை கேட்டுத் தெளிந்துவிட்டுத்தான் நகர்வார். ஜிபிஎஸ் வந்ததால் எந்தப் பங்குத்தந்தைக்கும் ஆலிமுக்கும் பூசாரிக்கும் வேலை போகவில்லை. அதனால் சண்டையும் இல்லை.

சண்டை எங்கே வருகிறது என்றால் பிறையில்.

எங்கள் பள்ளிவாசல்களில் தொழுகை நேர அட்டவணை தொங்குகிறது. சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகை இருக்கும்போது சுபுஹு (விடிகாலைத் தொழுகை), ஒரு பொருளின் நிழல் எவ்வளவு நீண்டால் அஸர் (பிற்பகல் தொழுகை) என்று வருஷம் முழுவதற்கும் முன்கூட்டியே கணக்குப் போட்டு அச்சடித்தது. குச்சி நட்டு நிழல் அளக்கிற ஆளை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. செல்போனில் பாங்கு ஒலிக்கிறது, நிமிஷம் பிசகாமல் நோன்பு திறக்கிறோம். சூரியனுக்குக் கணக்கு செல்லும். சந்திரனுக்குச் செல்லாது.

‘பிறை பார்த்து நோன்பு பிடியுங்கள், பிறை பார்த்து விடுங்கள்’ என்று நபிமொழி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நிழலைப் பார்த்துத் தொழுகை நேரம் அறிவதற்கும்தான் ஹதீஸ் இருக்கிறது. அங்கே மட்டும் பார்ப்பது கணக்காக மாறியதில் ஒரு மார்க்கப் பிரச்சினையும் எழவில்லை. கணக்குக் கட்சிக்காரர்களும் வெறுங்கையோடு வருவதில்லை. சூரியனும் சந்திரனும் கணக்கின்படியே ஓடுகின்றன என்ற குர்ஆன் வசனத்தை அவர்கள் காட்டுவார்கள். ஆக, வேதத்தில் என்ன இருக்கிறது என்பது மட்டும் இதை விளக்காது.

அறிவியல் பக்கமும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அமாவாசைக் கணம் எது என்பது வருஷக்கணக்கில் முன்கூட்டியே நொடி சுத்தமாகத் தெரியும். அன்று மாலை பிறை கண்ணில் படுமா என்பது அவ்வளவு சுலபமில்லை. சூரியனிலிருந்து சந்திரன் எவ்வளவு விலகியிருக்கிறது, எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, அடிவானத்தில் மூட்டம் இருக்கிறதா என்று பல விஷயம் சேர வேண்டும். ஆனால் சூரியனுக்கு முன்பே சந்திரன் மறைந்துவிடும் நாளில் ஒருவர் பிறை பார்த்ததாகச் சாட்சி சொன்னால், அவர் வேறு எதையோ பார்த்திருக்கிறார். அதைக் கணக்கு சந்தேகமில்லாமல் சொல்லும். கேட்க வேண்டுமே! வேடிக்கை என்னவென்றால், கணக்கு கூடாது என்கிற அதே ஆட்கள் மொட்டைமாடி ஏறியதும் எந்தத் திசையில், எத்தனை பாகை உயரத்தில் தேடுவது என்று செல்போன் செயலியைத்தான் பார்க்கிறார்கள்.

மாவட்டத்துக்குள்ளேயே தலைமை காஜி அறிவிப்பைப் பின்பற்றுவோர், உலகில் எங்கே பிறை தெரிந்தாலும் போதும் என்போர், கணக்கை மட்டும் ஏற்போர் என்று பிரிந்திருக்கிறோம். ஒரே தெருவில் ஒரு வீட்டில் பிரியாணி, எதிர்வீட்டில் நோன்பு. பெருநாள் அன்று நோன்பு வைப்பது ஹராம் என்பதால் இது சும்மா தேதிச் சண்டையாக நிற்பதில்லை. எதிர்வீட்டுக்காரன் பாவம் செய்கிறான் என்கிற இடம்வரை போய்விடும்.

தொழுகை அட்டவணை வந்தபோது பாங்கு சொல்பவர் அப்படியே இருந்தார், இமாம் அப்படியே இருந்தார். பிறை காலண்டரில் முன்பே அச்சாகிவிட்டால், அந்த இரவு அறிவிப்பதற்கு ஒன்றும் இருக்காது. சாட்சியை விசாரிக்க ஜமாஅத் (பள்ளிவாசல் நிர்வாகம்) உட்கார வேண்டாம், தையல்காரர் பதறவேண்டாம், கறிக்கடைக்காரர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு தகவலுக்குக் காத்திருக்க வேண்டாம். ஊர் ஒன்றாகக் காத்திருந்து ஒன்றாக முடிவுக்கு வருகிற ஒரே இரவு அது. நான் கணக்குப் பக்கம்தான். ஆனால் பெருநாள் கொண்டாடுவது என் ஜமாஅத் சொல்கிற நாளில்தான். வாப்பா ஒரு நாள், நான் ஒரு நாள் என்று தொழுதுவிட்டு வந்தால் ஒரே சஹனில் (சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டில்) உட்கார முடியாது. என்னையும் ‘வேண்டிய இடத்தில் மட்டும் ஏற்கிறவர்’ பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2010 ஜனவரி 15 கங்கண சூரிய கிரகணத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. வெள்ளிக்கிழமை, தை அமாவாசை. தனுஷ்கோடியில் தொலைநோக்கிகளோடு வானியல் ஆட்கள் குவிந்திருந்தார்கள். நடுப்பகலில் பத்து நிமிடம் போல சூரியன் வளையமாக நின்றது. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் தர்ப்பணம் கொடுக்க வந்த கூட்டம். எங்கள் பக்கம் ஜும்ஆவை ஒட்டிக் கிரகணத் தொழுகை. தொலைநோக்கிக்காரர், தீர்த்தமாட வந்தவர், தொழுதவர் எல்லோருக்கும் நேரம் ஒரே கணக்கிலிருந்து வந்ததுதான். கிரகணத் தொழுகைக்குப் பள்ளிவாசலில் முன்கூட்டியே அறிவிப்பு ஒட்டுகிறோம், ஆகாயத்தைப் பார்த்துவிட்டு ஒட்டுவதில்லை. இத்தனைக்கும் சூரிய கிரகணம் என்பது அமாவாசைக் கணம் கண்ணுக்குத் தெரிவதுதான். அந்தக் கணத்தைச் சொன்ன கணக்கு தொழுகைக்குச் சரி, அடுத்த நாள் மாதம் பிறந்ததா என்று கேட்டால் மட்டும் ‘மனிதன் போட்ட கணக்கு’. 2027 ஆகஸ்ட் 2 அன்று மக்காவிலேயே முழு சூரிய கிரகணம் வருகிறது. அதற்கு என்ன சொல்லப்போகிறார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை.

இது எங்கள் ஆட்களின் தனிச் சொத்து இல்லை. தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைத் தவறாமல் சுற்றிவருகிற வாடிக்கையாளர் ஒருவர் இருக்கிறார். சனிப்பெயர்ச்சி திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச் 29, வாக்கியப் பஞ்சாங்கப்படி அதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து. இன்றைய வானியலோடு ஒத்துப்போவது திருக்கணிதம். எதை எடுப்பீர்கள் என்று கேட்டேன். “எங்க ஐயரு எதச் சொல்றாரோ அதுதாண்ணே” என்றார். பிறைக்கும் கிட்டத்தட்ட இதே பதில்தான், அங்கே ஐயருக்குப் பதில் ஜமாஅத்.

அப்புறம் ராமர் சேது. ராமேஸ்வரம் கடைகளில் கண்ணாடி போட்டு விற்ற அந்த நாசா படம் ஞாபகம் இருக்கும். 2002இல் பரவியது. 17.5 லட்சம் வருஷத்துக்கு முந்தைய பாலம் என்று கூடவே ஒரு எண்ணும் வந்தது. அந்த எண் அவ்வளவு பிடித்துக்கொண்டதற்குக் காரணம், புராணக் கணக்கில் அது திரேதாயுகத்துக்குள் விழுகிறது. படம் எங்களுடையது, ஆனால் வானத்திலிருந்து எடுத்த படத்தை வைத்து வயதையும் மனிதர் கட்டினாரா என்பதையும் சொல்ல முடியாது என்று நாசா தரப்பே சொன்னது. படத்தை ஏற்றவர்கள் அந்தப் பதிலை ஏற்கவில்லை. 17.5 லட்சம் வருஷத்துக்கு முன்னால் நம்மைப் போன்ற மனித இனமே இல்லை. கிடைத்த எலும்புகள் ஏறக்குறைய மூன்று லட்சம் வருஷத்தைத்தான் தொடுகின்றன. சுமார் 20,000 வருஷத்துக்கு முன் கடல் மட்டம் இப்போதைவிட 120 மீட்டர் போலத் தாழ்ந்திருந்தது, அப்போது இலங்கைக்கு நடந்தே போகலாம் என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய அதிசயம். அதை யாரும் கண்ணாடி போட்டு மாட்டுவதில்லை. தொட்டியில் மிதக்கும் கல்லைக் காட்டிப் பரவசப்படுத்துகிறார்கள், அதுவும் காற்றறைகள் நிறைந்த கல்தான். பவளக்கல் என்றால் அதைக் கடலிலிருந்து எடுப்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

சரி, எதிர்த்தரப்பு? 2005இல் சேதுசமுத்திரத் திட்டம் தொடங்கியது, ராமர் சேதுவின் குறுக்கே வெட்டிப்போகும் 167 கிலோமீட்டர் கப்பல் கால்வாய், 12 மீட்டர் ஆழம். ‘பாலமாவது, வெறும் மணல் திட்டு’ என்று நிலவியலை மேடைக்கு மேடை முழங்கிய பகுத்தறிவுப் பேச்சாளர்கள், பாக் நீரிணையில் வண்டல் படிகிற வேகம், புயல், பவளப்பாறை பற்றி அதே விஞ்ஞானிகள் கூட்டத்திலிருந்து வந்த எச்சரிக்கையைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டார்கள். இங்கே கடவுள் நம்பிக்கைக்கு வேலையே இல்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இழுவைமடி வலை கடல் தரையை என்ன செய்கிறது என்று விஞ்ஞானிகள் சொன்னால், விசைப்படகு முதலாளிகளில் பலர் ஏசி ரூமில் உட்கார்ந்து எழுதியது என்பார்கள். அதே ஆட்கள் புயல் எச்சரிக்கை வந்தால் மறுபேச்சில்லாமல் படகை நங்கூரமிடுகிறார்கள். எச்சரிக்கை உயிரைக் காக்கிறது, வலை பற்றிய பேச்சு வருமானத்தில் கை வைக்கிறது.

கலாமை வைத்து இதற்குப் பதில் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. ராமேஸ்வரத்து இமாமின் மகன், ராக்கெட் விஞ்ஞானி, அப்பாவின் உற்ற நண்பர் கோயில் குருக்கள். நானும் அவரை நேசிப்பவன்தான். ஆனால் 2017இல் பேய்க்கரும்பில் அவர் நினைவிடம் திறந்ததும் என்ன தகராறு வந்தது? சிலையருகே பகவத் கீதை இருக்கலாமா, குர்ஆனும் பைபிளும் வைக்கலாமா என்று. அவர் செய்த அறிவியலைப் பற்றி ஒரு தகராறும் இல்லை, ஏனென்றால் அதில் யாருக்கும் பங்கு கேட்கத் தோன்றவில்லை.

இனி, எப்படிப் பேசுவது என்பதற்கு. தர்காவை நம்பி மனநோயாளிகளை அழைத்துவரும் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 தீ விபத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். எல்லா மதத்தவரும் அங்கே வருவார்கள், பலர் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து கைக்காசைத் தொலைத்தபின் வருபவர்கள். அதன்பிறகு சங்கிலிக்குத் தடை வந்தது, தர்காவை ஒட்டியே அரசு மனநல சிகிச்சையும் வந்தது. மாத்திரையும் போடு, துஆவும் (பிரார்த்தனை) கேள் என்பதில் ஒரு குடும்பமும் முரண்பாடு பார்க்கவில்லை. தர்காவுக்குப் போகாதே என்று முதலில் சொல்லியிருந்தால் மாத்திரையும் கடலுக்குத்தான் போயிருக்கும்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் வந்தபோது வாட்ஸ்அப் வதந்தியால் எங்கள் தெருவில் பாதி வீடு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. அதே வீட்டுப் பெரியவர்கள் ஹஜ்ஜுக்குப் போகும் முன் மூளைக்காய்ச்சல் ஊசிக்குக் கை நீட்டி, போலியோ சொட்டுக்கு வாயைத் திறந்துவிட்டு வந்தவர்கள்தான். அந்த ஊசி வழிபாட்டுக்கு வழிவிட்டது, இந்த ஊசி எங்கிருந்தோ வந்து பிள்ளையைப் பிடித்தது. டாக்டர் வந்து விளக்கினார், பலிக்கவில்லை. குர்ஆன் ஓதிக் கொடுக்கும் ஆலிமா ஒருவர் தன் பேத்தியைக் கூட்டிப்போய் ஊசி போட்டு, கையில் பஞ்சோடு தெரு வழியாக நடத்திக்கொண்டு வந்தார். அடுத்த நாள் செவிலியருக்கு உட்கார நேரமில்லை.

உங்கள் உறவினரிடம் கிரகணத்தைப் பற்றி வாதம் செய்யாதீர்கள், யூடியூப் காணொளியும் அனுப்பாதீர்கள். அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்று உண்மையில் சொல்வது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அவராக இருக்காது, உள்ளே ஒரு பாட்டியோ பெரியம்மாவோ இருப்பார். முதலில் அவரிடம் போய் உட்காருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் சுகர் இருப்பவர்களுக்கும் நேரத்துக்குச் சாப்பாடு உண்டா என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த எல்லா வீட்டிலும் அதற்கு விதிவிலக்கு ஏற்கெனவே இருக்கிறது.