புதிய திட்ட மேலாண்மைச் செயலிக்கு முதல் பயனர்களின் கருத்தைப் பெறுவது எப்படி? – கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் திட்ட மேலாண்மை இணையச் செயலியின் முதல் வடிவம் தயாராகிவிட்டது. எத்தனை பேரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும்? ஐந்து பேர் போதும் என்கிறார்களே?

பதில்: அந்த ஐந்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பயன்பாட்டு ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பயனரைக் கொண்டு சோதித்தால் பயன்பாட்டுச் சிக்கல்களில் சராசரியாக 31 சதவீதம் வெளிப்படுகிறது. அடுத்தடுத்து வருபவர்கள் பெரும்பாலும் முன்னவர் தடுமாறிய இடங்களிலேயே தடுமாறுவதால், ஐந்தாமவர் முடிக்கும்போது ஏறத்தாழ 85 சதவீதச் சிக்கல்கள் தெரிந்துவிடுகின்றன.

ஆனால் பயனர்கள் அனைவரும் ஒரே வகையினராக இருந்தால்தான் இந்தக் கணக்குப் பொருந்தும். உங்கள் செயலியிலோ குறைந்தது இரண்டு வகையினர் உண்டு: வேலையைப் பிரித்துக் கொடுப்பவர் ஒருவர், அந்த வேலையைச் செய்து அதன் நிலையைப் பதிவு செய்பவர் மற்றவர். முன்னவருக்கு எல்லாம் ஒரே திரையில் தெரிந்தால் மகிழ்ச்சி; பின்னவருக்கு, செய்து முடித்ததை மறுபடியும் ஓரிடத்தில் எழுத வேண்டியிருப்பதே கூடுதல் சுமை. எனவே வகைக்கு மூன்று நான்கு பேரை வைத்துச் சோதித்து, கண்ட குறைகளைத் திருத்திவிட்டு, புதியவர்களைக் கொண்டு மறுபடியும் சோதியுங்கள்.

இந்தச் சோதனைகளால் தனியாளின் தடுமாற்றம் மட்டுமே தெரியவரும். செயலி ஒரு குழுவுக்குள் நிலைக்குமா என்பதை அறிய, முழுக் குழுவே அதில் தன் வேலையை நடத்திப் பார்க்க வேண்டும். குழு உரையாடல் செயலியான ஸ்லாக்கை உருவாக்கிய நிறுவனம் 2013 ஆகஸ்டில் அதன் முன்னோட்ட வடிவத்தை அறிவிப்பதற்கு முன்பே, தெரிந்த சில நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டு பயன்படுத்த வைத்தது. பிறகு படிப்படியாகப் பெரிய குழுக்களுக்குக் கொண்டு சென்றது. சிறு குழுவில் இயல்பாக நடந்த வேலை, ஆட்கள் கூடியபோது வேறு விதமாக நடந்ததை அவர்கள் கண்டார்கள். உங்கள் செயலிக்கும் இதே வரிசையைத்தான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: பார்த்தவர்கள் எல்லோரும் "நன்றாக இருக்கிறது" என்கிறார்கள். ஆனால் யாரும் தொடர்ந்து பயன்படுத்துவதில்லை. எங்கே தவறு?

பதில்: "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்பதுதான் மரியாதையான பதில். நண்பரோ பழைய சக ஊழியரோ வேறு என்ன சொல்வார்? "இப்படி ஒரு வசதி இருந்தால் பயன்படுத்துவீர்களா?" என்ற கேள்வியும் அதே பயனற்ற வகையைச் சேர்ந்ததுதான், நாளை செய்யப்போவதைப் பற்றி மனிதர்கள் தாராளமாக வாக்குறுதி தருவார்கள்.

நடந்து முடிந்ததைக் கேளுங்கள். "கடந்த வாரம் வேலைகளை எப்படிப் பிரித்துக் கொடுத்தீர்கள்? அந்தக் கோப்பைக் கொஞ்சம் திறந்து காட்ட முடியுமா?" என்று கேட்டால், பெரும்பாலும் ஓர் எக்செல் தாள் திறக்கும். அதில் ஒரு வரிசை மஞ்சளாக இருக்கும். ஏன் என்று கேட்டால், "அது வாடிக்கையாளரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் வேலை" என்பார். "தொடங்கவில்லை, நடக்கிறது, முடிந்தது" என்று நீங்கள் மூன்றே நிலைகளை வைத்திருந்தால், அந்த மஞ்சளுக்கு உங்கள் செயலியில் இடமே இல்லை. இதைப் புகழ்ச்சி எதுவும் உங்களுக்குச் சொல்லியிருக்காது.

கேள்வி: பயனர் செயலியைப் பயன்படுத்தும்போது உடனிருந்து பார்க்க விரும்புகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நீங்களே தயாரித்த மாதிரித் திட்டத்தைக் கொடுக்காதீர்கள். "உங்கள் கையில் இப்போது இருக்கும் ஒரு வேலையை இதில் ஏற்றுங்கள்" என்று சொல்லிவிட்டு, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். திரைப் பகிர்வு வழியாகவே இதைச் செய்யலாம். பதிவு செய்வதாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், ஏனென்றால் திரையில் தெரிவது அவருடைய நிறுவனத்தின் தகவல்.

அதற்குப் பின் மிகக் கடினமான பகுதி வருகிறது: நீங்கள் பேசாமல் இருப்பது. பயனர் பொத்தானைத் தேடித் தவிக்கும்போது "வலது மூலையில் பாருங்கள்" என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும். சொல்லிவிட்டால் அந்தச் சோதனை அங்கேயே முடிந்தது. "இப்போது என்ன தேடுகிறீர்கள்?" என்பதைத் தாண்டி எதுவும் கேட்க வேண்டாம். அவர் தேடும்போது சொல்லும் பெயரை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் "மைல்கல்" என்று எழுதி வைத்திருப்பதை அவர் "கடைசித் தேதி" என்று தேடிக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: ஒருவர் காண்ட் விளக்கப்படம் (வேலைகளைக் காலக்கோட்டில் பட்டைகளாகக் காட்டும் படம்) வேண்டும் என்கிறார், இன்னொருவர் நேரப் பதிவு வேண்டும் என்கிறார், மூன்றாமவருக்கு எக்செல் ஏற்றுமதி வேண்டும். எதைச் செய்வது?

பதில்: கேட்டதை உடனே செய்யவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். பயனர் தன் சிக்கலைச் சொல்லாமல், அதற்குத் தனக்குத் தோன்றிய தீர்வைச் சொல்கிறார். எக்செல் ஏற்றுமதி கேட்டவரிடம், "கடைசியாக எப்போது இது தேவைப்பட்டது? ஏற்றுமதி செய்து யாருக்கு அனுப்பியிருப்பீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். வாரந்தோறும் மேலதிகாரிக்கு அறிக்கை அனுப்ப வேண்டியிருக்கிறது, அவரோ உங்கள் செயலிக்குள் வரமாட்டார் என்பது தெரியவரலாம். அப்படியானால் தேவைப்படுவது உள்நுழையாமலே பார்க்கக்கூடிய ஓர் இணைப்பாக இருக்கலாம். அதே ஏற்றுமதியை இன்னொருவர், புதிய செயலி மூடப்பட்டால் தன் தகவல் என்னவாகும் என்ற அச்சத்தில் கேட்டிருக்கலாம். அவருக்கு உண்மையிலேயே ஏற்றுமதி தேவை, அதையும் விரைவாகச் செய்து கொடுக்க வேண்டும்.

கேள்வி: கருத்துக்கணிப்புப் படிவம் அனுப்பலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். "இந்தச் செயலி நாளை இல்லாமல் போனால் எவ்வளவு ஏமாற்றமடைவீர்கள்?" என்று கேட்டு, "மிகவும்" என்பவர்கள் 40 சதவீதத்தை எட்டுகிறார்களா என்று பார்த்து, செயலி உண்மையிலேயே தேவைப்படுகிறதா என்பதை அளக்கும், சந்தைப்படுத்தல் வல்லுநர் ஷான் எல்லிஸின் முறை நல்ல முறைதான். ஆனால் பன்னிரண்டு பேரிடம் கேட்டால், ஒருவர் மனம் மாறினாலே எட்டு சதவீதம் நகர்ந்துவிடும்.

கேள்வி: சோதனைக்கு ஒப்புக்கொண்ட குழுக்கள் இரண்டாவது வாரத்தில் மறைந்துவிடுகின்றன. நினைவூட்டல் மின்னஞ்சல்களுக்கும் பதில் இல்லை.

பதில்: இந்தத் தயாரிப்பு வகையில் நீங்கள் கற்கவேண்டியவற்றில் பெரும்பகுதி விட்டுப் போனவர்களிடம்தான் இருக்கிறது. முதலில் பயன்பாட்டுப் பதிவைப் பாருங்கள். பணிகளின் நிலையை மாற்றுவது யார்? எல்லா மாற்றங்களையும் மேலாளர் ஒருவரே, வாராந்திரக் கூட்டத்துக்கு முந்தைய மாலையில், ஒரே மூச்சில் செய்திருந்தால், உறுப்பினர்கள் செயலியை ஏற்கவில்லை. மேலாளர் மற்றவர்களிடம் கேட்டுக் கேட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறார். அவர் களைத்துப்போகும் வாரத்தில் குழு மொத்தமாக மறைகிறது.

எனவே மேலாளரிடம் மட்டும் கேட்காமல், அவர் மூலமாகவே ஓர் உறுப்பினரிடமும் பேச அனுமதி பெறுங்கள். தானியங்கி நினைவூட்டலை நிறுத்திவிட்டு, உங்கள் பெயரில் இரண்டு வரி எழுதுங்கள்: மறுபடி வரும்படி அழைக்கப்போவதில்லை என்பதை முதல் வரியில் தெளிவாகச் சொல்லிவிட்டு, "இந்த வாரக் கூட்டத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்பதை எதில் பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். "வாட்ஸாப் குழுவில்" என்று பதில் வந்தால், அங்கே ஒரு வேலை முடிந்ததாக எப்படித் தெரிவிக்கிறார்கள் என்பதைக் காட்டச் சொல்லுங்கள். அந்த ஒற்றைச் செய்தியை அனுப்ப ஆகும் நேரத்தைவிட உங்கள் செயலியில் அதே வேலைக்குக் கூடுதல் நேரம் ஆகிறது என்றால், அடுத்த பதிப்பில் முதலில் திருத்தவேண்டியது அதுதான்.