உலகப் பட்டத்துக்கு மோத வாய்ப்பே கிடைக்காத குத்துச்சண்டை வீரர்களில் சிறந்தவர் யார்?

சாம் லாங்ஃபோர்ட் என்றுதான் நிறையப் பேர் சொல்வார்கள். தப்பில்லை. ஐந்தடி ஏழங்குல மனிதர், மிகக் கனமான எடைப் பிரிவான ஹெவிவெயிட்காரர்களைச் சாய்த்துக்கொண்டு திரிந்தவர். 1906இல் அவரைப் பாயின்ட்டில் ஜெயித்த ஜாக் ஜான்சன், 1908இல் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். ஆன பிறகு லாங்ஃபோர்டைக் கிட்டேயே சேர்க்கவில்லை. ஆனால் லாங்ஃபோர்ட் 1904இல் நடுத்தர எடைப் பிரிவுகளில் ஒன்றான வெல்டர்வெயிட்டின் சாம்பியன் ஜோ வால்காட்டோடு டிரா செய்திருக்கிறார். அது பட்டத்துக்கான சண்டைதான் என்று வாதிடுபவர்கள் உண்டு. அதனால் என் ஓட்டு சார்லி பர்லிக்கு.

பர்லி 1917இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்து, பிட்ஸ்பர்க்கில் வளர்ந்தவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்ஸுக்கான தேர்வுச் சுற்றுக்கே போக மாட்டேன் என்றார். நாஜிகளின் இனவெறி காரணம். அதற்கு எதிராக பார்சிலோனாவில் நடக்கவிருந்த மக்கள் ஒலிம்பிக்ஸுக்குக் கப்பலேறினார். போய்ச் சேர்ந்த நேரத்தில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது, விளையாட்டு ரத்து. இந்த மனிதருடைய நேரம் எப்படி என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஊர்க்காரர் ஃபிரிட்ஸி சிவிக்கோடு மூன்று முறை மோதி, இரண்டு முறை ஜெயித்தார். அந்த சிவிக் 1940இல் ஹென்றி ஆம்ஸ்ட்ராங்கை வீழ்த்தி வெல்டர்வெயிட் சாம்பியன் ஆனார். சரி, இப்போது பர்லிக்கு வாய்ப்பு வரும் என்றுதானே நினைப்போம்? சிவிக்கின் தரப்பு பர்லியின் ஒப்பந்தத்தையே விலைக்கு வாங்கிவிட்டது என்று குத்துச்சண்டை வட்டாரத்தில் ஒரு கதை சொல்வார்கள். ஒரே மேனேஜர் கைக்குள் இருவரும் இருந்தால், அவர்களை யார் மோத விடப் போகிறார்கள்?

அப்புறம் உலகப் போர். வெல்டர்வெயிட் சாம்பியன் ஃபிரெடி காக்ரேன், அதற்கு அடுத்த மேல் பிரிவான மிடில்வெயிட்டின் சாம்பியன் டோனி ஸேல் இருவரும் கடற்படையில் சேர்ந்தார்கள். இரண்டு பட்டங்களும் 1946 வரை உறைந்து கிடந்தன. பர்லி இந்த இரண்டு எடைக்கும் நடுவில் நின்ற ஆள், சுமார் 150 பவுண்டு (68 கிலோ). அவர் உச்சத்தில் இருந்ததும் சரியாக அந்த ஆண்டுகளில்தான்.

போரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நான் கல்லூரி நாட்களில் இரண்டு வருடம் கையுறை மாட்டியவன். எங்கள் பயிற்சிக் கூடத்தில் ஒரு இடதுகைக்காரப் பையன் இருந்தான், ஒல்லிக்குச்சி. அவனோடு பயிற்சிச் சண்டை என்றதும் ஒருத்தனுக்கு வயிற்று வலி வரும், இன்னொருத்தனுக்குப் பரீட்சை வரும். எனக்கு மணிக்கட்டு சுளுக்கிக்கொள்ளும். அவனை அடித்தால் யாரும் மெச்சப் போவதில்லை, அடி வாங்கினால் மானம் போகும். காசு, பட்டம் எதுவும் இல்லாத இடத்திலேயே கணக்கு இப்படி ஓடுகிறது. பட்டத்தை வைத்துப் பிழைக்கும் மேனேஜர் என்ன கணக்குப் போடுவார்? பர்லி எதிரியின் குத்து வரும்வரை காத்திருந்து, அதை வீணாக்கிவிட்டுத் திருப்பி அடிப்பவர். எதிரி பார்வைக்கே கோமாளி ஆகிவிடுவான், கூட்டமோ கொட்டாவி விடும். டிக்கெட் விற்காது. கூடவே கறுப்பினத்தவர், பின்னால் பெரிய புள்ளி யாரும் இல்லை. இப்படிப்பட்டவரோடு மோதச் சொல்லி எந்த மேனேஜர் தன் சாம்பியனை அனுப்புவார்?

இதே நிலையில் இருந்த ஒரு கூட்டத்துக்கே ‘கொலைகாரர் வரிசை’ என்று பெயர் வந்தது. ஹோல்மன் வில்லியம்ஸ், லாயிட் மார்ஷல், எடி புக்கர், கோகோ கிட், ஜாக் சேஸ் எல்லாம் அதில் சேர்த்தி. வெளியே கதவு திறக்காததால் இவர்கள் தங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்ப மோதிக்கொண்டார்கள். பர்லியும் ஹோல்மன் வில்லியம்ஸும் மட்டும் ஏழு முறை. ஆள் கிடைக்காதபோது பர்லி எடையைக்கூடப் பார்க்கவில்லை. 1942இல் தன்னைவிடச் சுமார் 70 பவுண்டு அதிகமான ஜே.டி. டர்னர் என்ற ஹெவிவெயிட்டோடு மோதி, ஆறு ரவுண்டில் வேலையை முடித்தார்.

என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையின் பட்டச் சண்டை 1944 ஏப்ரல் 21, ஹாலிவுட்டில் நடந்தது. அப்போது ஒரு விமானத் தொழிற்சாலையில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவரைக் கடைசி நேரத்தில் கூப்பிட்டு ஆர்ச்சி மூருக்கு எதிரே நிறுத்தினார்கள். மூர் அவரைவிடக் கனமானவர், நாக்-அவுட்டுக்குப் பேர் போனவர். பத்து ரவுண்டு. பர்லி அந்த மூரைத் திரும்பத் திரும்பத் தரையில் உட்கார வைத்து, பாயின்ட்டில் தெளிவாக ஜெயித்தார். மூர் பிறகு 1952இல் லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார், ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோவோடு மோதினார், இளவயது முகமது அலியோடும் மோதினார். அத்தனை பேரைப் பார்த்த பிறகும், தான் சந்தித்ததிலேயே சிறந்தவர் பர்லி என்றுதான் சொல்லிவந்தார்.

தோல்வியே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1942இல் எஸ்ஸார்ட் சார்ல்ஸிடம் இரண்டு முறை தோற்றார். ஆனால் 1950 வரை சுமார் நூறு சண்டைகள் போட்டும் ஒருமுறைகூட நாக்-அவுட் ஆனதில்லை. கையுறையைக் கழற்றிய பிறகு பிட்ஸ்பர்க் நகரத்துக்குக் குப்பை அள்ளும் வேலையில் பல வருடம் இருந்தார். 1992இல் இறந்தார்.

அவர் மோதுவதைப் பார்க்க ஆசைப்பட்டால், 1946இல் ஓக்லண்ட் பில்லி ஸ்மித்தோடு மோதிய பழைய படச்சுருள் யூடியூபில் இருக்கிறது. முதல் தடவை பார்த்தபோது, ‘இதற்கா இவ்வளவு பேச்சு?’ என்று எனக்கும் தோன்றியது. இரண்டாவது தடவை பர்லியை விட்டுவிட்டு ஸ்மித்தை மட்டும் பாருங்கள்: எத்தனை முறை குத்தக் கையை எடுத்துவிட்டுத் தயங்குகிறார் என்று.