நான்கு பேர் தனித்தனியாக எழுதிய ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தரவு கேட்கும் வழி) ஒரே சீராக இருக்க, எதை முதலில் சரிசெய்ய வேண்டும்?

எரர் ரெஸ்பான்ஸை, அதாவது பிழை நேரும்போது அனுப்பும் பதிலை. யூஆர்எல்லில் ஒருமையா பன்மையா, ஃபீல்டு பெயரில் அடிக்கோடு வேண்டுமா என்பதில் எந்தப் பக்கம் நின்றாலும் தவறில்லை. ஒன்றை முடிவுசெய்து எழுதிவைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். பிழை அப்படியல்ல. உங்கள் ஏபிஐயை அழைப்பவர் பிழையைக் கையாளும் புரோகிராம் கோடை ஒரே இடத்தில்தான் எழுத விரும்புவார். ஒரு எண்ட்பாயிண்ட் (ஏபிஐயின் ஒரு முகவரி) தவறான கோரிக்கை என்னும் 400 ஸ்டேட்டஸை அனுப்ப, இன்னொன்று வெற்றி என்னும் 200 ஸ்டேட்டஸுக்குள் ‘தோல்வி’ என்று எழுதி அனுப்பினால் அது நடக்காது. இதில் 200தான் பெரிய ஆபத்து: ரீட்ரை, மானிட்டரிங், கேஷ் எல்லாமே அதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளும்.

வடிவத்தை நீங்களே கண்டுபிடிக்க வேண்டாம். 2016இல் வந்த ஆர்எஃப்சி 7807 என்ற இணையத் தரநிலைக்குப் பதிலாக 2023இல் வெளியான ஆர்எஃப்சி 9457 இதற்காகவே இருக்கிறது. அதன் ஃபீல்டுகள்: டைப், டைட்டில், ஸ்டேட்டஸ், டீடெயில், இன்ஸ்டன்ஸ். டைப் ஒரு யூஆர்ஐ, யூஆர்எல் போன்ற அடையாளம். என்ன பிழை என்று கிளையண்ட் அதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். டீடெயில் மனிதர் படிக்க மட்டும். அந்த வாக்கியத்தை ஒப்பிட்டு யாராவது கோடு எழுதிவிட்டால், நீங்கள் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தும் நாளில் அவருடைய ஆப் நின்றுபோகும்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. உங்கள் கோடுக்கு முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் தன் இயல்பு அமைப்பில் 1 எம்பிக்கு மேற்பட்ட பாடியை (கோரிக்கையோடு வரும் தரவை) ஏற்காது. அளவு மிகப் பெரியது என்னும் 413ஐ ஹெச்டிஎம்எல் பக்கமாகத் திருப்பிவிடும், உங்கள் கோடு வரை வராது. பின்னால் உள்ள சர்வரிடமிருந்து சரியான பதில் வராதபோது அது அனுப்பும் 502ம் அப்படித்தான். அங்கேயும் ஜேசன் வடிவத்தை அமையுங்கள்.

அடுத்தது பக்கம் பிரித்தல். புதியது முதலில் என்ற வரிசையில், பக்கத்துக்கு 20 ஆர்டர் என்று ஆஃப்செட் (முதல் இத்தனையைத் தாண்டி எடு என்ற முறை) வைத்தால், முதல் பக்கத்தைப் படிக்கும் நேரத்தில் 3 புதிய ஆர்டர் வந்தால் பழைய 3 இரண்டாம் பக்கத்தில் மறுபடி வரும். முதல் பக்கத்தில் 3 அழிக்கப்பட்டால் 3 கண்ணில் படாமலே போகும். இந்தப் பிழை டெஸ்டில் சிக்காது, அங்கே டேட்டா அசையாமல் இருக்கும். கர்சருக்கு, அதாவது கடைசியாகப் பார்த்த ஆர்டரிலிருந்து தொடரும் முறைக்கு, மாறுங்கள். உருவாக்கிய நேரம் மட்டும் போதாது, ஒரே நொடியில் இரண்டு வரலாம். நேரமும் ஐடியும் சேர்ந்தே கர்சர், இரண்டின் மேலும் சேர்த்தே இண்டெக்ஸ். 20 கேட்டால் டேட்டாபேஸில் 21 எடுங்கள். 21ஆவது இருந்தால் அடுத்த பக்கம் உண்டு.

தேதிக்கு ஆர்எஃப்சி 3339 வடிவம் போதும், ஆனால் யூடிசியிலேயே (உலகப் பொது நேரத்திலேயே) அனுப்புங்கள். இந்திய நேரத்தைக் குறிக்கும் +05:30 குவரி ஸ்ட்ரிங்கில் (யூஆர்எல்லில் கேள்விக்குறிக்குப் பின் வரும் பகுதியில்) போனால் கூட்டல் குறி பல ஃப்ரேம்வொர்க்கில் இடைவெளியாக மாறிவிடும். பெரிய ஐடிகளை ஸ்ட்ரிங்காக அனுப்புங்கள். ஜாவாஸ்கிரிப்ட் 9007199254740991க்கு மேல் முழு எண்ணைத் துல்லியமாக வைத்திருக்காது.

இவற்றை விக்கியில் எழுதிவைத்தால் ஒரு மாதத்தில் மறந்துபோகும். ஏபிஐயை விவரிக்கும் ஓப்பன்ஏபிஐ ஃபைலைச் சரிபார்க்கும் ஸ்பெக்ட்ரல் லிண்டரில் இவற்றை விதிகளாக்கி, மீறினால் பில்ட் தோற்கும்படி சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் அமைப்பில்) போடுங்கள். பழைய எண்ட்பாயிண்டுகளுக்கு எச்சரிக்கை மட்டும். புதியவற்றுக்கு முதல் நாளிலிருந்தே பிழை.