இறைச்சியைக் குறைத்தால் பூமிக்கு நல்லது என்கிறார்கள். அசைவ வீட்டில் அதை எப்படிச் செய்வது?

வாரத்துக்கு நான்கு நாள் கறி சமைத்த வீடு எங்களுடையது. இப்போது ஞாயிறு மட்டும்தான், எப்போதாவது புதனும் சேரும். வீட்டில் யாரும் சைவத்துக்கு மாறவில்லை, மாறச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. இரண்டு வருடமாக எங்களுக்கு எது சரிப்பட்டு வந்தது, எது வரவில்லை என்று சொல்கிறேன்.

என் அம்மிச்சி வீடு தாராபுரம் பக்கம். சின்ன வயதில் அங்கே கறி என்றால் ஞாயிற்றுக்கிழமைதான், அதுவும் எல்லா ஞாயிறும் கிடையாது. எட்டுப் பேருக்கு அரைக் கிலோ வெள்ளாட்டுக் கறி. குழம்பில் கத்தரிக்காயும் முருங்கைக்காயும்தான் அதிகம் கிடக்கும். ஆளுக்கு மூன்று துண்டு, உறிஞ்ச ஒரு எலும்பு. அது போதவில்லை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அப்புறம் பிராய்லர் வந்தது. 40 நாளில் 2 கிலோ எடைக்கு வந்துவிடும் கோழி, விலையும் மட்டனில் பாதிகூட இல்லை. கோவையில் குடித்தனம் வைத்த பிறகு ஒரு நாள் சில்லி சிக்கன், ஒரு நாள் பிரியாணி என்று எப்போது நான்கு நாளானது என்றே எனக்கு நினைவில்லை.

சரி, குறைத்தால் பயன் உண்டா? உண்டு. 119 நாடுகளில் சுமார் 38,000 பண்ணைகளின் கணக்கை எடுத்துப் பூர், நெமசெக் என்ற இருவர் 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 100 கிராம் புரதம் கிடைக்க, பூமியைச் சூடேற்றும் பசுங்குடில் வாயு எவ்வளவு வெளியாகிறது என்று அதில் இருக்கிறது. இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாட்டுக்குச் சராசரியாக 50 கிலோ, செம்மறிக்கு 20 கிலோ, கோழிக்கு 6 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, முட்டைக்கு 4 கிலோ, பயறு வகைகளுக்கு 1 கிலோகூட இல்லை. ஆடும் மாடும் அசை போடும் பிராணிகள். தீனி அவற்றின் வயிற்றில் நொதிக்கும்போது மீத்தேன் வருகிறது. நூறு வருடக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைப் போல 28 மடங்கு சூடேற்றும். ஆனால் காற்றில் ஏறத்தாழ 12 வருடம்தான் நிற்கும். அதனால் இன்றைக்குக் குறைத்தால் பலன் நம் பிள்ளைகள் காலத்திலேயே தெரியும். எனக்குப் பிடிப்பு வந்தது இந்த ஒரு விஷயத்தில்தான்.

கோழி அசை போடாது, ஆனால் அதற்குத் தீனி வேண்டும். 2 கிலோ பிராய்லர் வளர்வதற்குள் சுமார் மூன்றரை கிலோ தீனி தின்கிறது, பெரும்பாலும் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். உரித்து வெட்டினால் நம் கைக்கு வருவது ஒன்றரை கிலோவுக்கும் குறைவு.

நான் முதலில் செய்த தப்பு பனீர். சிக்கனை நிறுத்திவிட்டு வாரம் இரண்டு நாள் பனீர் பட்டர் மசாலா, பனீர் புர்ஜி என்று இறங்கினேன். ஒரு கிலோ பனீருக்கு 5, 6 லிட்டர் பால் வேண்டும், பால் மாட்டிடமிருந்துதான் வருகிறது என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. அதே ஆய்வில் பாலாடைக்கட்டிக்குக் கோழியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கோழிக்குப் பதிலாகப் பனீர் என்று போகாதீர்கள். கொள்ளு, பச்சைப்பயறு, மொச்சை, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை பக்கம் போங்கள். கொள்ளு எங்கள் பக்கத்து மானாவாரிப் பயிர், மழையை மட்டும் நம்பி வந்துவிடும். பயறுச் செடிகளின் வேர்முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் யூரியாவும் பெரிதாகத் தேவைப்படாது. பிள்ளைகளுக்கு மெல்ல ஏதாவது வேண்டும் என்றால் மீல்மேக்கர். சுடுதண்ணீரில் போட்டு நன்றாகப் பிழிந்துவிட்டுச் சமைத்தால் அந்தப் பச்சை வாடை இருக்காது.

எல்லா இறைச்சியையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு என்று மேய்ச்சல் நிலம் உண்டு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். வேறு வெள்ளாமை சரியாக வராத அந்த மேட்டு நிலத்தில் ஆடும் மாடும்தான் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகின்றன. அந்த ஆடும் மீத்தேன் விடும், மறுக்கவில்லை. ஆனால் மனிதன் தின்னக்கூடிய தானியத்தை அது பிடுங்கவில்லை. வாங்குவது கொஞ்சம்தான் என்பதால் இப்போது அந்த ஆட்டுக்கறியாகவே பார்த்து வாங்குகிறோம். குடல், தலை, கால், ரத்தம் எதையும் விடுவதில்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். குறைக்கவேண்டியது என்னைப் போல அளவுக்கு மீறித் தின்றவர்கள்தான். மாதம் ஒரு முறை கறி எடுக்கும் வீட்டுக்கும், மலிவாகக் கிடைக்கும் மாட்டுக்கறியில் சத்துத் தேடும் வீட்டுக்கும் போய்ச் சுற்றுச்சூழல் பாடம் நடத்துவது அநியாயம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. என் மகளுக்கும் போன வருடம் ஹீமோகுளோபின் 9.8 என்று வந்தது. டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையோடு வாரம் ஒரு நாள் ஈரலோ, சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரலோ அவளுக்கு மட்டும் உண்டு. முட்டையை யாருக்கும் நிறுத்தவில்லை, அதில் இருக்கும் வைட்டமின் பி12 பயறில் கிடைக்காது.

தொடங்க நல்ல நேரம் புரட்டாசி. எங்கள் மாமியார் எப்படியும் அந்த மாதம் கறிச்சட்டியை எடுக்கவிடமாட்டார். ஐப்பசி பிறந்ததும் பழையபடி 2 கிலோ வாங்கி வந்தேன், பாதி ஃபிரிட்ஜிலேயே கிடந்தது. நாக்கு ஒரு மாதத்தில் பழகிவிடுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

இப்போது எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு இதுதான். ஐந்து பேருக்கு 300 கிராம் எலும்போடு வெள்ளாட்டுக் கறி, இரவே ஊறவைத்த மொச்சை இரண்டு கை, நான்கு கத்தரிக்காய். கறியை மட்டும் முதலில் மூன்று விசில் விட்டுவிட்டு, அந்தச் சாற்றிலேயே மொச்சையைப் போட்டு வேகவைக்கவேண்டும். கத்தரிக்காயும், வறுத்தரைத்த மல்லி மிளகாயும் தேங்காயும் கடைசியில். மொச்சை கறிச்சாற்றைக் குடித்து உப்பி வரும். போன வாரம் என் பையன் கரண்டியை அடிவரை விட்டுத் துழாவினான். கறி தேடுகிறான் என்று நினைத்தேன். தட்டில் வந்து விழுந்தது முழுக்க மொச்சை.