புதுமை மட்டும்தான் வியப்பா?

கேள்வி: பல ஆண்டுகளாக நாள் தவறாமல் வழிபட்டு வருகிறேன். முன்பெல்லாம் மெய் சிலிர்க்கும், கண் கலங்கும். இப்போது வாய் ஓதிக்கொண்டிருக்கும்போதே மனம் அன்றைய வேலைகளைக் கணக்குப் போடுகிறது. என் நம்பிக்கை தேய்ந்துவிட்டதா?

பதில்: தேய்ந்திருந்தால் இந்தக் கவலையே உங்களுக்கு வந்திராது. தேய்ந்தது புதுமை மட்டுமே. ஒரே தூண்டல் திரும்பத் திரும்ப வரும்போது மூளை அதன்மேல் வைக்கும் கவனத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்கிறது; போட்டிருக்கும் சட்டை உடலில் படுவதைச் சற்று நேரத்தில் நாம் மறந்துவிடுவது இதனால்தான். இதைக் குறை என்று சொல்ல முடியாது, ஏனெனில் எல்லாவற்றையும் எப்போதும் உணர்ந்துகொண்டே இருந்தால் ஒரு வேலையும் ஓடாது.

தொல்காப்பியர் உடலில் வெளிப்படும் உள்ளத்து உணர்வுகளான எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக மருட்கையை, அதாவது வியப்பை, வைத்து, அது பிறக்கும் இடங்களைப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்காகச் சொல்கிறார். இவற்றுள் புதுமை பழகப் பழகக் குறையும்; மற்ற மூன்றும் அப்படிக் குறைய வேண்டியதில்லை. ஒன்று மற்றொன்றாக மாறி வருவதே ஆக்கம். காய் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பதறித் துணி தேடுவதற்குள், இரத்தத்தில் மிதந்து வந்த தட்டணுக்கள் கிழிந்த இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. பின்னர் ஃபைப்ரின் என்னும் புரத இழைகள் வலை பின்னி அந்த அடைப்பை இறுக்குகின்றன. மேலே பொருக்குக் கட்ட, அதன் அடியில் புதுத் தோல் ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி நகர்ந்து வருகிறது. இவ்வளவும் உங்கள் உத்தரவின்றி, உங்களுக்குத் தெரியாமலேயே நடக்கின்றன. இதை முன்பு எத்தனை முறை கண்டிருந்தாலும், உற்றுப் பார்ப்பவருக்கு இது பழையதாகிவிடுவதில்லை.

வழிபாட்டில் நாம் பெரும்பாலும் முதல் நாளின் சிலிர்ப்பையே திரும்பக் கேட்கிறோம். ஆனால் அந்தச் சிலிர்ப்பிலேயே ஒருவரால் வாழ்ந்துவிட முடியுமா என்பது வேறு கேள்வி. பகவத் கீதையின் 11ஆம் அத்தியாயத்தில் விசுவரூபத்தைக் காட்டும்படி விரும்பிக் கேட்டவன் அருச்சுனன்தான். கண்டதும் அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது, உடல் நடுங்கியது. தோழன் என்று எண்ணி உரிமையோடு பெயர் சொல்லி அழைத்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டான். கடைசியில், பழகிய வடிவத்தையே மீண்டும் காட்டும்படி வேண்டினான். பழக்கத்தைக் குற்றமாக எண்ணும் பக்தர்கள் இந்த இடத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும் என்பது என் கருத்து. நீங்கள் ஓதுவதில் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் அதை மட்டும் மெதுவாக ஓதிப் பாருங்கள். சிலிர்ப்பு வந்ததா என்று சோதிக்க வேண்டாம்.

கேள்வி: அறிவியல் படிக்கிறேன். எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்துவிட்டால் வியப்பதற்கு என்ன மிஞ்சும்?

பதில்: சில வியப்புகள் போய்விடும், போகட்டும். கிரகணம் பிடித்தால் நடுங்கியது ஒரு காலம், அந்த நடுக்கத்தை நாம் மிச்சம் பிடித்து வைக்க வேண்டியதில்லை. ஆனால் காலையில் சுவரில் விழும் வெயிலைப் பாருங்கள். சூரியனின் பரப்பிலிருந்து அது இங்கு வந்து சேர ஏறத்தாழ 8 நிமிடம் 20 விநாடி ஆகிறது. ஆனால் சூரியனின் நடுவே ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகும்போது பிறந்த ஆற்றல், மோதி மோதித் திசை மாறிப் பரப்புக்கு வந்து சேரவே பல்லாயிரம் ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. இது தெரியாதவருக்கு அது வெறும் வெயில்தான். இங்கே வியப்பைத் தந்தது அறிவே. திருக்குர்ஆனின் 67ஆம் அத்தியாயமும் வானத்தைப் பார், படைப்பில் ஏதேனும் பிளவு தெரிகிறதா என்று மீண்டும் பார், இன்னும் இரு முறை பார் என்றே சொல்கிறது. ஆராயாதே என்று அங்கே சொல்லப்படவில்லை.

கேள்வி: அண்மையில் பிள்ளையைப் பறிகொடுத்த தோழி ஒருத்தியிடம், உலகின் அழகையும் இறைவனின் படைப்பையும் எடுத்துச் சொல்லித் தேற்ற நினைக்கிறேன். சரியா?

பதில்: இப்போது வேண்டாம். விவிலியத்தில், பிள்ளைகளையும் செல்வத்தையும் இழந்த யோபு தன் துயரத்துக்குக் காரணம் கேட்டபோது, இறைவன் காரணம் எதையும் சொல்லாமல், பூமிக்கு அடித்தளம் இட்டபோது நீ எங்கே இருந்தாய் என்று தொடங்கி, பனி, விண்மீன்கள், மலையாடு ஈனும் காலம், தீக்கோழி எனப் படைப்பையே வரிசையாகக் கேள்விகளாக அவர் முன் வைத்தது உண்மைதான். ஆனால் அதைச் சொன்னவர் இறைவன், யோபுவைத் தேற்ற வந்த நண்பர்கள் அல்லர். அதுவும் யோபு தம் மனத்தில் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்த பிறகே சொல்லப்பட்டது. அந்த நண்பர்கள் முதல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கம் சொல்ல வாய் திறந்த பிறகுதான் வந்தது வினை. ஆகவே நீங்களும் போய்த் தோழியின் பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளையைப் பற்றி அவர் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். கிளம்புவதற்கு முன் வீட்டு வேலை ஏதேனும் இருந்தால் செய்து கொடுத்துவிட்டு வாருங்கள்.