உதவியாளராகக் கழியும் ஆண்டுகள்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

கட்டடக்கலை இறுதியாண்டில் இருக்கும் உங்கள் மகள், இத்தாலியத் திரைப்படக் கலை இயக்குநர் தாந்தே ஃபெரெத்தியைப் போல் வரவேண்டும் என்று பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். மூன்று ஆஸ்கர் பெற்றவரை அளவுகோலாக வைத்தால் எந்தப் பிள்ளையும் குட்டையாகத்தான் தெரியும். அவர் வந்த வழியைப் பார்ப்பதே நமக்குப் பயன்படும்.

1943-இல் மாசெராத்தாவில் பிறந்த அவர், ரோமில் படித்துவிட்டு, மூத்த கலை இயக்குநர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். 1964-இல் வெளியான, இயக்குநர் பசோலினியின் படத்தில் பணியாற்றியபோது அவருக்கு இருபத்தொரு வயதுதான். அந்தப் பத்தாண்டின் பெரும்பகுதி உதவியாளராகவே கழிந்தது. முதல் ஆஸ்கர் 2005-இல், 62-ஆம் வயதில், அரங்கப் பொருள்களை அமைக்கும் மனைவி பிரான்செஸ்கா லோ ஸ்கியாவோவுடன் சேர்ந்து கிடைத்தது. நீங்கள் வீணாகப் போகும் என்று அஞ்சுகிற உதவியாளர் காலம்தான் இத்தொழிலின் உண்மையான பள்ளிக்கூடம்.

கட்டடக்கலைப் படிப்பு வீணாகுமே என்ற கவலையும் வேண்டாம். 1983-இல் வெளியான, ஃபெரெத்தி கலை இயக்கம் செய்த, இயக்குநர் ஃபெலினியின் கப்பல் படத்துக்காக ரோமின் சினெசித்தா படப்பிடிப்பு அரங்கில் பிளாஸ்டிக் விரிப்புகளால் கடல் அமைத்தார்கள். கப்பலின் மேல்தளத்தை அடியிலிருந்து ஹைட்ராலிக் ஜாக்கிகள் ஆட்டின. அழகாகப் படம் வரையத் தெரிந்தால் மட்டும் இது நடக்காது. தளம் எத்தனை பேரைத் தாங்கும், கேமரா எங்கே நிற்கும் என்று கணக்கிட்டு, தச்சர் பார்த்தவுடன் மரம் அறுக்கும்படி அளவுப்படம் போட்டுத் தர வேண்டும்.

வருமானம் குறித்த உங்கள் அச்சம் மட்டும் நியாயமானது. இது மாதச் சம்பள வேலையல்ல. இரண்டு படங்களுக்கு நடுவே கை காய்ந்துவிடும். விளம்பரப் படம், நாடக மேடை, கண்காட்சி அரங்கு ஆகிய வேலைகளையும் ஏற்கும் மனம் உங்கள் மகளுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.

ரோமிலுள்ள திரைப்படப் பள்ளியில் இத்தாலிய மொழி வேண்டும். புனே திரைப்படக் கல்லூரியில் கலை இயக்கத்துக்கென்றே மூன்றாண்டுப் படிப்பு உண்டு. நான் அதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.

அதற்கு முன் ஒரு பயிற்சி. உங்கள் வீட்டுச் சமையலறையை அவர் அளந்து, 1:50 அளவில் வரையட்டும். பிறகு அதே அறையை 1970-ஆம் ஆண்டுச் சமையலறையாக மாற்றி வரையட்டும்: மண்ணெண்ணெய் அடுப்பு எங்கே இருக்கும், புகைக்கறை சுவரில் எவ்வளவு உயரம் ஏறியிருக்கும், மின்விளக்கின் சுவிட்ச் எப்படிப்பட்டது என்பவை அதில் தெரிய வேண்டும். இரண்டு தாள்களோடும் அடுத்த மாதம் அவரையே என்னிடம் அனுப்பிவையுங்கள்.