டீலரிடம் கேளுங்கள்: பிளாக்ஜாக் கேள்வி பதில்

(கேசினோவில் நெடுங்காலம் பிளாக்ஜாக் மேஜையில் சீட்டு போட்டு ஓய்வு பெற்ற டீலர் ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: எனக்குச் சீட்டாட்டமே பழக்கமில்லை. நண்பர்களுடன் முதல் முறையாகக் கேசினோவுக்குப் போகிறேன். பிளாக்ஜாக் மேஜையில் என்னதான் நடக்கிறது?

பதில்: நீங்கள் ஆடுவது டீலரோடு மட்டும்தான். பக்கத்தில் இருப்பவர் ஜெயித்தாலும் தோற்றாலும் உங்கள் கணக்கு தனி. 2 முதல் 10 வரை, சீட்டில் இருக்கும் எண்தான் மதிப்பு. ஜாக்கி, ராணி, ராஜா மூன்றுக்கும் 10. ஏஸை 1 என்றும் கொள்ளலாம், 11 என்றும் கொள்ளலாம். கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாமல் டீலரைவிட அதிகம் வைத்திருந்தால் கட்டிய அளவு பணம் லாபம். தாண்டிவிட்டால் 'பஸ்ட்', பணம் போய்விடும். இருவருக்கும் ஒரே எண் என்றால் 'புஷ்', கட்டியது திரும்ப வரும். முதல் இரண்டு சீட்டே ஏஸும் 10 மதிப்புச் சீட்டுமாக அமைந்தால் அதுதான் பிளாக்ஜாக். அதற்குக் கூடுதல் பணம் உண்டு.

உங்கள் இரண்டு சீட்டையும் டீலரின் திறந்த சீட்டையும் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். இன்னொரு சீட்டு வேண்டும் என்றால் 'ஹிட்', விரலால் மேஜையைத் தட்டுங்கள். போதும் என்றால் 'ஸ்டாண்ட்', சீட்டுக்கு மேலாக உள்ளங்கையை இப்படியும் அப்படியும் அசையுங்கள். பந்தயத்தை இரட்டிப்பாக்கி ஒரே ஒரு சீட்டு வாங்கிக்கொள்வது 'டபுள்'. ஒரே மதிப்பில் இரண்டு சீட்டு வந்தால் இன்னொரு பந்தயம் வைத்து இரண்டு கைகளாகப் பிரிப்பது 'ஸ்பிளிட்'. சில மேஜைகளில் பாதிப் பணத்தை விட்டுக்கொடுத்து விலகும் 'சரண்டர்' வசதியும் உண்டு.

வாயால் சொன்னால் போதாதா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். போதாது. தகராறு வந்தால் மேலே இருக்கும் கேமராவின் பதிவைத்தான் பார்ப்பார்கள். பணத்தை டீலரின் கையில் கொடுக்காமல் மேஜையில் வைக்கச் சொல்வதும் இதனால்தான். சீட்டு போட ஆரம்பித்தபின், பணத்துக்குப் பதிலாகக் கட்டிய சிப்பை (வில்லையை) தொடாதீர்கள்.

கேள்வி: டீலருக்குச் சொந்த முடிவே கிடையாதாமே? 16 வரை சீட்டு எடுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் நிறுத்தியே ஆக வேண்டும் என்கிறார்கள். அப்படியென்றால் நானும் அதே மாதிரி ஆடிவிட்டால் சரிக்குச் சரிதானே?

பதில்: நல்ல கேள்வி தம்பி. இதன் பதில் புரிந்துவிட்டால் ஆட்டமே புரிந்துவிடும்.

டீலருக்குச் சொந்த முடிவு இல்லை என்பது உண்மை. நான் வேலை பார்த்த காலமெல்லாம் 16 வந்தால் எடுத்தேன், 17 வந்தால் நிறுத்தினேன். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நீங்கள் முதலில் ஆடுகிறீர்கள், நான் கடைசியில் ஆடுகிறேன். நீங்கள் 21-ஐத் தாண்டிய அந்த நொடியே உங்கள் பணத்தை எடுத்துவிடுவேன். அதற்குப் பிறகு நானும் தாண்டினால்கூட அந்தப் பணம் திரும்ப வராது. கேசினோ சம்பாதிப்பது அந்த இடத்தில்தான்.

கணக்காகப் பாருங்கள். டீலர் நூற்றுக்குச் சுமார் 28 முறை பஸ்ட் ஆவார். நீங்களும் அவரைப் போலவே ஆடினால் உங்களுக்கும் அதே 28. இரண்டும் ஒரே ஆட்டத்தில் சேர்ந்து நடப்பது நூற்றுக்கு 8 முறை. நியாயமாகப் புஷ் ஆக வேண்டிய அந்த எட்டும் கேசினோவுக்குப் போகிறது. பிளாக்ஜாக் வரும்போது கிடைக்கும் கூடுதல் பணத்தால் அதில் இரண்டு சொச்சம் உங்களுக்குத் திரும்பி வரும். மீதி ஐந்தரை சதவீதம் போல கேசினோவின் சாதகம். டீலரைப் போல ஆடுவது அவ்வளவு செலவு பிடிக்கும் வழி.

டீலருக்கு இல்லாத உரிமைகள் உங்களுக்கு இருக்கின்றன. 12-லேயே நிறுத்தலாம், டபுள் செய்யலாம், பிரிக்கலாம். என் ஒரு சீட்டு உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. இவற்றைச் சரியாகப் பயன்படுத்தினால் அந்த ஐந்தரை, நல்ல விதிகள் உள்ள மேஜையில் அரை சதவீதம் அளவுக்கு இறங்கும்.

கேள்வி: அந்தச் 'சரியாகப் பயன்படுத்துவது' எப்படி? அட்டவணை இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது. 'பேசிக் ஸ்ட்ராட்டஜி' என்பார்கள். அமெரிக்காவின் அபர்டீன் ராணுவ மையத்தில் இருந்த பால்ட்வின், கேண்டி, மெய்சல், மெக்டெர்மாட் என்ற நான்கு பேர், மேஜையில் வைக்கும் கணக்கு இயந்திரங்களைத் தட்டித் தட்டியே இதைக் கண்டுபிடித்து 1956-ல் வெளியிட்டார்கள். பிறகு கணினிகள் வந்து சரிபார்த்தபோது, அவர்கள் விடைக்கு மிக நெருக்கத்தில் இருந்தது தெரிந்தது. அந்த நான்கு பேர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

முழு அட்டவணையை இங்கே எழுத இடமில்லை. அதன் உயிர்நாடி இதுதான்: டீலரின் திறந்த சீட்டு 4, 5, 6 என்றால் அவர்தான் சிக்கலில் இருக்கிறார். 6 காட்டும் டீலர் நூற்றுக்குச் சுமார் 42 முறை பஸ்ட் ஆவார். அப்போது உங்களிடம் 12 இருந்தாலும் நிறுத்துங்கள், தாண்டும் ஆபத்தை அவர் ஏற்கட்டும். அவர் 7 அல்லது அதற்கு மேல் காட்டினால், ஏஸை 11-ஆகக் கொள்ளாத கையில் 17 வரும்வரை நீங்கள்தான் எடுக்க வேண்டும். ஏஸ் ஜோடியையும் 8 ஜோடியையும் எப்போதும் பிரியுங்கள். 10 ஜோடியை எப்போதும் பிரிக்காதீர்கள், கையில் 20 இருக்கும்போது வேறென்ன வேண்டும்? 11 வந்தால், டீலரிடம் ஏஸ் இல்லாதவரை டபுள்.

ஏஸும் 7-ம் சேர்ந்த 18-ல் நிறைய பேர் தடுமாறுவார்கள். அதை நல்ல கை என்று நம்பி நிறுத்துவார்கள். டீலர் 9, 10 அல்லது ஏஸ் காட்டினால் அந்த 18 போதாது, இன்னொன்று எடுங்கள். ஏஸ் 1 ஆக மாறிக்கொள்ளும், அந்தச் சீட்டால் பஸ்ட் ஆக மாட்டீர்கள்.

அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டே ஆடப் பெரும்பாலான கேசினோக்கள் அனுமதிக்கும். வெட்கப்பட வேண்டாம். ஆட்டத்தைத் தாமதப்படுத்தாமல் பார்த்துக்கொண்டால் சரி.

கேள்வி: எனக்கு 16, டீலருக்கு 10. என்ன செய்தாலும் தோற்கிறேன். ஏன்?

பதில்: ஏனென்றால் அது தோற்கும் கைதான். நிறுத்தினால் டீலர் பஸ்ட் ஆக வேண்டும், அது நூற்றுக்கு 23 முறை போலத்தான் நடக்கும். எடுத்தால் பதின்மூன்று வகைச் சீட்டில் எட்டு உங்களைத் தாண்ட வைக்கும். இரண்டு வழியிலும் நூறு கட்டினால் சராசரியாக 54 போகிறது. எடுப்பது ஒரு மயிரிழை மேல். சரண்டர் இருந்தால் 50-தான் போகும், அதைச் செய்யுங்கள். அந்த 16 இரண்டு 8-ஆக வந்திருந்தால் மட்டும் பிரித்துவிடுங்கள்.

கேள்வி: எல்லா மேஜையும் ஒன்றுதானா? குறைந்தபட்சப் பந்தயம் சிறியதாக உள்ள மேஜையில் உட்காருவதுதானே புத்திசாலித்தனம்?

பதில்: உட்காரும் முன் மேஜைத் துணியில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். பிளாக்ஜாக்குக்கு 3:2 தருகிறார்களா, 6:5 தருகிறார்களா என்று அங்கே எழுதியிருக்கும்.

10 கட்டிய இடத்தில் பிளாக்ஜாக் வந்தால் 3:2 மேஜை 15 தரும், 6:5 மேஜை 12 தரும். மூன்றுதானே என்று தோன்றும். பிளாக்ஜாக் ஏறக்குறைய 21 ஆட்டத்துக்கு ஒரு முறை வரும். நூறு ஆட்டத்தில் நாலைந்து முறை அந்த மூன்றை இழக்கிறீர்கள். மொத்தமாகக் கட்டிய ஆயிரத்தில் இது 14 அளவுக்கு வரும். நன்றாக ஆடுபவருக்கு 3:2 மேஜையில் ஆயிரத்துக்கு 5 செலவு என்றால், 6:5 மேஜையில் 19. கிட்டத்தட்ட நான்கு மடங்கு! அட்டவணையை மனப்பாடம் செய்து நீங்கள் மிச்சம் பிடித்ததில் கால் பங்குக்கும் மேல் ஒரு வரி அச்சு பிடுங்கிக்கொள்கிறது.

2000-க்குப் பிறகு லாஸ் வேகாஸில் இந்த 6:5 வேகமாகப் பரவியது. சிறிய பந்தய மேஜைகளில்தான் அதிகம் வைக்கிறார்கள், அதாவது புதியவர்கள் உட்காரும் இடத்தில். ஏஸும் ராஜாவும் வந்த மகிழ்ச்சியில் இருப்பவர், குறைவாகக் கிடைத்ததைக் கவனிப்பதே இல்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் கசந்திருக்கிறது. இதை அநியாயம் என்றே சொல்வேன்.

அதே துணியில் டீலர் 'சாஃப்ட் 17'-ல், அதாவது ஏஸை 11 என்று எண்ணி வரும் 17-ல், நிறுத்துவாரா எடுப்பாரா என்பதும் இருக்கும். நிறுத்துவதே உங்களுக்கு நல்லது. வித்தியாசம் 0.2 சதவீதம் போல.

கேள்வி: டீலர் ஏஸ் காட்டும்போது 'இன்சூரன்ஸ்' வேண்டுமா என்று கேட்கிறார். பாதுகாப்புதானே, எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், உங்கள் கையை அது காப்பாற்றாது. டீலரின் மறைந்த சீட்டு 10 மதிப்பா என்று கட்டும் தனிப் பந்தயம் அது. ஜெயித்தால் இரண்டு மடங்கு தருவார்கள். ஆறு சீட்டுக்கட்டு வைத்து ஆடும் மேஜையில், அந்த ஏஸ் போக மீதி 311 சீட்டு. அதில் 96 தான் 10 மதிப்பு. 96 முறை இரண்டிரண்டாக 192 வரும், 215 முறை ஒவ்வொன்றாகப் போகும். நூற்றுக்கு ஏழுக்கும் மேல் நஷ்டம்.

உங்களுக்கே பிளாக்ஜாக் இருக்கும்போது 'ஈவன் மணி' என்று, கட்டிய அளவு லாபத்தை உடனே தருவதாகச் சொல்வார்கள். அதுவும் இதே இன்சூரன்ஸ்தான். 3:2 மேஜையில் 10 கட்டியிருந்தால், வாங்கினால் நிச்சயமாக 10. மறுத்தால் சில முறை புஷ், பல முறை 15, சராசரி 10.39.

பந்தயம் வைக்கும் வட்டத்துக்குப் பக்கத்தில் ஜோடி வருமா என்று கட்டும் இடங்களும் இருக்கும். ஆறு கட்டில் உங்கள் இரண்டாவது சீட்டு முதல் சீட்டோடு ஜோடி சேர 311-ல் 23 வாய்ப்பு. ஜோடிக்கு 11 மடங்கு தரும் மேஜையில் கணக்குப் போட்டுப் பாருங்கள், நூற்றுக்கு 11 போகும். பெரிய மடங்கைக் கண்டு மனம் போகும் என்று தெரியும். ஆனாலும் அந்த இடத்தைக் காலியாகவே விடுங்கள்.

கேள்வி: கடைசி இருக்கையில் இருப்பவர் தப்பாகச் சீட்டு எடுத்து, எல்லோரையும் தோற்கடித்துவிட்டார். அவரைத் தடுக்க முடியாதா?

பதில்: அவர் எடுத்த சீட்டு உங்களைக் கெடுத்த தடவை நினைவில் நிற்கும், காப்பாற்றிய தடவை நிற்காது. அடுத்த சீட்டு எதுவென்று யாருக்கும் தெரியாதபோது சராசரியில் எதுவும் மாறாது. அவரைத் திட்டாதீர்கள். பாவம், அவரும் பணம் கொடுத்துத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

கேள்வி: தோற்கும்போதெல்லாம் பந்தயத்தை இரட்டிப்பாக்கினால் ஒருநாள் ஜெயித்துத்தானே ஆக வேண்டும்?

பதில்: மேஜையில் உச்சவரம்பு இருக்கிறது. 10-ல் தொடங்கி 500 வரை கட்டலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10, 20, 40, 80, 160, 320. ஆறு தோல்வியில் 630 போய்விட்டது. அடுத்து 640 கட்ட வேண்டும், கட்ட விடமாட்டார்கள். வரம்பே இல்லாவிட்டாலும் இத்தனையும் முதல் 10-ஐ ஜெயிக்கத்தான்.

கேள்வி: சீட்டுகளை எண்ணினால் கேசினோவையே ஜெயிக்கலாம் என்பது உண்மையா? சட்டவிரோதமா?

பதில்: உண்மை. எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருந்த ஐபிஎம் 704 கணினியில் கணக்குப் போட்டு, 1960-களின் தொடக்கத்தில் அதை நிரூபித்தார். போன சீட்டுகள் திரும்ப வராது என்பதுதான் அடிப்படை. சிறிய சீட்டுகள் போய், 10-களும் ஏஸ்களும் அதிகம் மிஞ்சினால் ஆட்டம் உங்கள் பக்கம் சாயும். அப்போது அதிகம் கட்ட வேண்டும். பரவலான முறையில், போகும் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு எண்: 2 முதல் 6 வரை கூட்டல் ஒன்று, 10 மதிப்பும் ஏஸும் கழித்தல் ஒன்று, மற்றவை பூஜ்யம். மொத்தம் ஏற ஏற ஆட்டம் உங்கள் பக்கம்.

மனதுக்குள் எண்ணுவது அமெரிக்காவில் குற்றமில்லை. கருவி வைத்து எண்ணுவதை, லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலம் 1985-ல் தடை செய்தது. ஆனால் எண்ணுகிறீர்கள் என்று சந்தேகப்பட்டால் வெளியே போகச் சொல்லும் உரிமை பல இடங்களில் கேசினோவுக்கு உண்டு. நியூ ஜெர்சி மாநிலத்தில், சீட்டு எண்ணுவதில் பேர்பெற்ற கென் உஸ்டன் தொடுத்த வழக்கில் 1982-ல் வந்த தீர்ப்பால் அப்படி விரட்ட முடியாது. கிடைக்கும் சாதகமும் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். அதற்கே மணிக்கணக்கில் பிசகாமல் எண்ண வேண்டும், நீண்ட தோல்வியைத் தாங்கும் கையிருப்பும் வேண்டும். போட்ட சீட்டை உடனுக்குடன் கலக்கும் இயந்திரம் உள்ள மேஜையில் எண்ணிப் பயனில்லை.

கேள்வி: என் கணவர் விட்டதைப் பிடிக்கிறேன் என்று கேசினோவுக்குத் திரும்பத் திரும்பப் போகிறார். கடன் வாங்கவும் தொடங்கிவிட்டார். நீங்கள் சொல்லும் அட்டவணையை அவருக்குக் கற்றுக்கொடுத்தால் மீண்டுவிடுவாரா?

பதில்: மாட்டார் அம்மா. உங்களுக்கு ஆறுதலாக வேறு பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அட்டவணை நஷ்டத்தைக் குறைக்கும், லாபமாக மாற்றாது. விட்டதைப் பிடிக்க வருபவர் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கட்டுவார், நிறுத்த வேண்டிய கையில் எடுப்பார், நேரம் போவது தெரியாமல் உட்காருவார். அந்த முகங்களை நான் மிக அருகில் பார்த்திருக்கிறேன். நேற்று விட்ட பணம் சீட்டுக்குத் தெரியாது, ஒவ்வொரு ஆட்டமும் புதிதாகவே தொடங்கும்.

அவர் மனம் இறங்கி வரும் ஒரு நாளில், தன்னை உள்ளே விட வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பல நாடுகளில் இந்த வசதி உண்டு. சிங்கப்பூரில் குடும்பத்தினரே விண்ணப்பித்துத் தடை வாங்கலாம். 1957-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய 'கேம்ப்ளர்ஸ் அனானிமஸ்' என்ற, சூதாட்டத்தை விட விரும்புவோருக்கான அமைப்பின் கூட்டங்கள் இன்று பல நாடுகளில் நடக்கின்றன, கட்டணம் கிடையாது. குடும்பத்தினருக்கென்றே 'கேம்-அனான்' கூட்டங்கள் உண்டு. அவர் வராவிட்டாலும் நீங்கள் போங்கள். வங்கிக் கணக்கையும் நகையையும் இன்றே உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். கடனை அடைக்க வேண்டி வந்தால் அவர் கையில் பணமாகக் கொடுக்காமல், கடன் கொடுத்தவரிடம் நீங்களே நேரில் கட்டி ரசீது வாங்குங்கள்.